செந்துறைக்குக் கரண்ட் பஸ்ஸில் வந்த காலம்

எங்கள் பக்கத்துக்குக் கரண்ட், கம்பியில் வருவதற்கு முன்னால் பெட்டியில் வந்தது. கறுப்பு ரப்பர் பெட்டி. மேலே தார் ஊற்றியிருக்கும். செல்லையும் செல்லையும் சேர்க்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். அதை அரியலூரிலோ விருத்தாசலத்திலோ சார்ஜ் ஏற்றி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்து செந்துறையில் இறக்குவார்கள். அங்கிருந்து சைக்கிள் கேரியரில் பொன்பரப்பிக்கும் சிறுகடம்பூருக்கும் குழுமூருக்கும் போகும். வழியில் ஆசிட் சிந்தி அடுத்தவர் வேட்டியில் ஓட்டை விழுந்த தகராறுகளும் கூடவே போகும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு பேட்டரிக் கடையில் எடுபிடியாக. அதற்கு முந்தைய கதையெல்லாம் முதலாளி சொல்லிக் கேட்டவை.

முதலாளியின் கணக்கில் எல்லாம் ரேடியோவில் ஆரம்பிக்கிறது. 1939 மே 16-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அன்றைக்குச் செந்துறை திருச்சி மாவட்டத்தில், உடையார்பாளையம் தாலுகாவில் இருந்த ஊர். (1995-இல் பெரம்பலூர் மாவட்டமானோம். 2001-இல் அரியலூர் மாவட்டமானோம், மறுவருஷமே பெரம்பலூருக்குத் திரும்பினோம், 2007-இல் மறுபடி அரியலூர். கடை இருந்த இடத்தில்தான் இருந்தது, ரசீதுப் புத்தகம்தான் மாறிக்கொண்டே வந்தது.) திருச்சியில் பேசினால் இங்கே நன்றாகக் கேட்கும். கேட்பதற்குப் பெட்டியும், பெட்டிக்குக் கரண்டும் வேண்டுமே. வால்வு ரேடியோ சாப்பாட்டு ராமன். வால்வுக்குள் இழையைச் சூடேற்ற இரண்டு வோல்ட் ஈய பேட்டரி ஒன்று, அது போக 90 வோல்ட் உலர் பேட்டரிக் கட்டு ஒன்று. உலர் கட்டு தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஈய பேட்டரியைத் திரும்பத் திரும்ப ஏற்றலாம். பின்னால் ஆறு வோல்ட் கார் பேட்டரி ஒன்றை வைத்தே ஓடும் ரேடியோக்கள் வந்தன. அவற்றுக்குள் வைப்ரேட்டர் என்று ஒரு சாமான் உண்டு. பாட்டுக்கு அடியில் வண்டு மாதிரி விடாமல் ரீங்காரம் போடும்.

கம்பி போகாத ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோவும் இப்படித்தான் ஓடியது. சாயங்காலம் கிராம நிகழ்ச்சி, விலைவாசி, செய்தி. நல்ல பஞ்சாயத்து என்றால் இரண்டு பேட்டரி வைத்திருக்கும், ஒன்று ரேடியோவில், ஒன்று சார்ஜில். மற்ற ஊர்களில் ஒன்றுதான். குரல் தேய்ந்து தேய்ந்து நிற்கிற வரைக்கும் ஓட்டுவார்கள். நின்றபிறகு அது மூலையில் கிடக்கும். யாராவது அரியலூர் போகிறவர் தூக்கிக்கொண்டு போனால் உண்டு. அப்படி மூலையில் கிடந்த நாட்கள்தான் பேட்டரியைக் கொன்றன, ஓடின நாட்கள் கொல்லவில்லை என்று முதலாளி அடித்துச் சொல்வார். நான் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அவர் என் தலையில் ஏற்றிய பாடம் இது ஒன்றுதான். மீதியெல்லாம் கைப்பழக்கம்.

காரணம் எளிது. ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்து, இறங்கினால் மறுபடி ஏற்றிக்கொள்ளக்கூடிய பேட்டரியை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே என்பவர் செய்தார். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. கரண்ட் எடுக்க எடுக்க ஆசிட்டில் உள்ள சல்ஃபேட் பிளேட்டில் போய் ஒட்டும், ஆசிட் தண்ணீராகிக்கொண்டே வரும். சார்ஜ் ஏற்றினால் ஒட்டியது கரைந்து ஆசிட்டுக்கே திரும்பிவிடும். உடனே ஏற்றினால்தான் இது நடக்கும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் மெல்லிய பூச்சாக இருந்த சல்ஃபேட் பெரிய பெரிய பரலாக இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு கரண்ட் விட்டாலும் சூடுதான் ஏறும், சார்ஜ் ஏறாது. வெயில் இதற்குத் துணை. சும்மா வைத்திருந்தாலே பேட்டரி தானாக இறங்கும், சூடு கூடக் கூட இன்னும் வேகமாக இறங்கும். கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் கொடுத்த கையேடுகள் சீமையில் எழுதியவை. பனியில் பேட்டரி உறையாமல் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். கத்திரி வெயிலில் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

இந்த வட்டாரத்தின் இன்னொரு பழைய பேட்டரி ரயிலுக்கு அடியில் தொங்கியது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைன் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பெண்ணாடம், மாத்தூர், செந்துறை, அரியலூர் என்று அப்போது மீட்டர் கேஜ் வண்டி நின்று நின்று போகும். பெட்டிக்கு அடியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோ ஒன்று சுற்றும். பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. வண்டி ஓடினால் டைனமோ விளக்குக்கும் கொடுத்துப் பேட்டரிக்கும் ஏற்றும். நின்றால் பேட்டரி மட்டும். கிராசிங்குக்காக வண்டி அரைமணி நேரம் கிடந்தால் பெட்டிக்குள் விளக்கு பழுத்துப்போய் மஞ்சளாகும். அதைப் பார்த்தே எந்தப் பெட்டியில் பேட்டரி கிழடு என்று சொல்லிவிடுவேன் என்று முதலாளி பீற்றிக்கொள்வார்.

மோட்டார் வண்டிக்குப் பேட்டரி முக்கியமானது செல்ஃப் வந்த பிறகு. 1912 மாடல் கேடிலாக் காரில் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் செல்ஃப் ஸ்டார்ட்டரை ஓடவைத்தார். அதுவரை ஹேண்டில் போட்டுத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். இங்கே லாரியில் அந்த வேலை கிளீனருடையது. நான் வந்த காலத்தில்கூட வயசான டிரைவர்களில் சிலருக்குக் கை கோணலாக இருக்கும், கிளீனராக இருந்தபோது வாங்கியது. அப்போது ஓடிய வண்டிகளில் டாடா மெர்சிடிஸும் லேலண்ட் காமெட்டும்தான் அதிகம். இரண்டும் ஐம்பதுகளில் இந்தியாவில் தயாராகத் தொடங்கியவை. 1960-இல் சென்னையில் டேஃபே வந்த பிறகு மேஸி டிராக்டர் மெல்ல மெல்லக் கிராமத்துக்குள் நுழைந்தது. பேட்டரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், முதலில் கப்பலில். குளோரைடு கம்பெனி 1916 முதலே இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்து விற்றது. 1946-இல் வங்காளத்தில் ஷாம்நகரில் தொழிற்சாலை போட்டது. அதுதான் இன்றைய எக்ஸைடு.

டிராக்டர் வந்ததும் எங்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ கதை திரும்ப ஆரம்பித்தது. செந்துறை பெரும்பாலும் மானாவாரிச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். ஆடியில் உழவுக்கு டிராக்டருக்கு ராப்பகல் வேலை. உழவு முடிந்தால் கொட்டகையில் கோழி அடைந்து கிடக்கும் டிராக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்குச் சாவியைத் திருப்புவார்கள். "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "பேட்டரி இறங்கிப்போச்சுண்ணே, நேத்துகூட நல்லா இருந்துச்சு" என்பார்கள். நேற்று என்றால் நாலு மாதம்.

அறுபதுகளில் கம்பி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. மின்சார வாரியம் 1957-இல் வந்தது, காமராஜர் காலத்தில் கிராம மின்சாரம் வேகம் பிடித்தது. கரண்ட் வந்துவிட்டது, இனிப் பேட்டரிக்காரன் எதற்கு என்று முதலாளியிடம் பலர் கேட்டார்களாம். நடந்தது நேர்மாறு. ரேடியோ டிரான்சிஸ்டராகி எங்கள் கையை விட்டுப் போனது உண்மைதான். ஆனால் கம்பி வந்ததால்தான் செந்துறையிலேயே சார்ஜ் ஏற்ற முடிந்தது. அதுவரை அரியலூர் போன பேட்டரியெல்லாம் எங்கள் பெஞ்சுக்கு வந்தது.

பெஞ்சு என்று சொன்னேன். தேக்குச் சட்டம், மேலே தார் பூசியது. பேட்டரிகளை வரிசையாக வைத்து ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோத்துக்கொண்டே போவோம். மூலையில் செலினியம் ரெக்டிஃபயர். அது புகைந்தால் வரும் நாற்றம் இருக்கிறதே, அழுகின முள்ளங்கியும் முட்டையும் சேர்ந்த மாதிரி, கடைத்தெருவே மூக்கைப் பொத்தும். பின்னால் சிலிக்கான் டயோடு வந்து அந்த வாசனையிலிருந்து எங்களை மீட்டது. ஒரே கோவையில் எல்லா பேட்டரிக்கும் ஒரே ஆம்பியர்தான் ஓடும் என்பதால், ஒன்பது பிளேட் பேட்டரியையும் பதினேழு பிளேட் பேட்டரியையும் ஒன்றாகப் போட்டால் சின்னது வெந்துவிடும். எண்பது ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு எட்டு ஆம்பியர் போதும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரக்காரர்கள் வந்து "சட்டுனு ஏத்துங்க" என்பார்கள். சட்டென்று ஏற்றினால் பிளேட் வளைந்து அதிலுள்ள மாவு உதிரும். ஏறி முடிகிற நேரத்தில் செல் கொதிக்கிற மாதிரிக் குமிழ் விடும், அது ஹைட்ரஜன். அந்த நேரத்தில் பீடியோடு யாராவது உள்ளே வந்தால் முதலாளி செருப்பைக் கழற்றிவிடுவார்.

சார்ஜ் ஏறியதா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வோல்ட் மீட்டரைவிட ஆசிட் மீட்டர்தான் வேதம். ரப்பர் பல்பை அழுத்தி ஆசிட்டை உறிஞ்சினால் கண்ணாடிக்குள் மிதவை நிற்கும். 1250 காட்டினால் நிறைவு, 1180-க்கு வந்தால் பாதி, 1100-ஐ நெருங்கினால் காலி. ஒவ்வொரு செல்லாக எடுப்போம். ஆறில் ஐந்து ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் தணிந்திருந்தால் நோய் அந்த ஒன்றில். வோல்ட் மீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும், யார் குற்றவாளி என்று சொல்லாது.

தண்ணீர்தான் எங்கள் ஊரின் தனிச் சிக்கல். அரியலூர்ப் பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்தது. செந்துறைக்குப் பக்கத்து நின்னியூர்ப் பாறைகள் அந்தக் கடல் கடைசியாக விட்டுப்போன படிவு, வயது ஆறு கோடி ஆண்டுக்கு மேல். கடல் போய்விட்டது, சுண்ணாம்பு கிணற்றுத் தண்ணீரில் நிற்கிறது. அந்தத் தண்ணீரைப் பேட்டரியில் ஊற்றினால் ஆயுசு பாதியாகும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கக் காசு கொடுக்க மனசு வராத டிரைவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இழுவை போதவில்லை என்று மேலே ஆசிட்டும் ஊற்றுவார்கள். ஆசிட் ஆவியாகாது. குறைவது தண்ணீர் மட்டும்தான். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! முதலாளி மழைத்தண்ணீரை மண்பானையில் பிடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டி வைப்பார். முதல் மழையைத் தொடமாட்டார், ஓட்டுத் தூசி இருக்கும் என்று.

சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் கடைக்குச் சோறு போட்டவை. டால்மியாபுரம் ஆலை 1939-இலிருந்தே உண்டு. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் வந்தது. பிறகு எங்கள் தாலுகாவிலேயே தளவாய், ஆலத்தியூர் என்று ஆலைகள் எழுந்தன. கல் லாரியின் பிழைப்பு என்ன? சுரங்கத்தில் ஏற்றி, பள்ளத்தில் உருண்டு, ஆலை வாசலில் வரிசையில் நிற்பது. வரிசை நகர நகர ஸ்டார்ட், நிறுத்து, ஸ்டார்ட். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். எஞ்சின் நன்றாகச் சுற்றினால்தான் அது ஏற்ற ஆரம்பிக்கும், மெதுவாக உருண்டால் அதைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் திறந்தபடியே கிடக்கும். நாள் முழுக்க எடுப்பது உண்டு, போடுவது இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் லாரி பேட்டரி மூன்று வருஷம் உழைத்தால், கல் லாரி பேட்டரி அதில் பாதிகூட உழைக்காது. மேலே படியும் வெள்ளைத் தூசி வேறு. பேட்டரி மூடியில் ஆசிட் ஈரம் இருந்தால் தூசி அதில் நுரைத்து, காய்ந்து, ஜிப்சமாகிவிடும். காரை ஊர்ப் பக்கம் ஓடைக்கரையில் பாளம் பாளமாகக் கிடக்கிறதே, அதே ஜிப்சம். இயற்கை கோடிக்கணக்கான வருஷத்தில் செய்ததை லாரிகள் ஒரு வாரத்தில் செய்து கொண்டுவந்தன. அதைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, டெர்மினலில் பூத்த பொடியைச் சுரண்டி, வாசலின் தடவிக் கொடுத்தாலே சில வண்டிகள் எடுத்துவிடும். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும், வாங்கிக்கொள்வோம்.

எங்கள் தொழிலின் உச்சம் சார்ஜ் ஏற்றுவது இல்லை, செல் கட்டுவது. கெட்ட செல்லைக் கண்டுபிடித்ததும் மேலேயுள்ள தாரைச் சூடுகாட்டி உளியால் தோண்டி எடுப்போம். ஈயப் பட்டையை அறுத்து, குறடு போட்டு அந்தச் செல்லின் பிளேட் கட்டை அப்படியே மேலே தூக்கினால், பதின்மூன்று பிளேட் பேட்டரி என்றால் ஆறு பாசிட்டிவ், ஏழு நெகட்டிவ். நல்ல பாசிட்டிவ் சாக்லேட் நிறத்தில் இருக்கும், நெகட்டிவ் சிலேட்டு நிறத்தில். செத்த பிளேட் வெளுத்திருக்கும். அடியில் சேறு. உதிர்ந்த மாவு அடியில் சேர்ந்து சேர்ந்து பிளேட்டைத் தொட்டால் செல் ஷார்ட். சேற்றை வழித்து, பெட்டியைக் கழுவி, கெட்ட பிளேட்டுக்கு மாற்று பிளேட் போட்டு, நடுவே மரச் செப்பரேட்டர் செருகுவோம். பிறகு ஈயம் ஒட்டுவது. டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் குச்சியை ஒரு நல்ல பேட்டரியோடு இணைத்து ஈயத்தில் வைத்தால் குச்சி முனை தணலாகிப் பளிச்சென்று ஈயம் உருகும். சாகும் பேட்டரிக்கு உயிர் கொடுக்க இன்னொரு பேட்டரி. கடைசியில் தாரைக் காய்ச்சி ஊற்றிச் சமன் செய்தால் புதுசு மாதிரி. புதிய பேட்டரி விலையில் சின்னப் பங்குதான் ஆகும். எழுபதுகளில் இந்த வேலையில் செந்துறைக்கு நல்ல பேர் இருந்தது என்று நான் சொன்னால் ஜெயங்கொண்டம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இந்த வேலையை நினைத்து நினைத்து உருகுவதில் எனக்குச் சம்மதமில்லை. உருகிய ஈயப் புகைதான் எங்கள் மதியச் சாப்பாட்டுக்குத் துணை. பிளேட் மாவு படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சோறு பிசைவோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பவர்களுக்கு வாய்வு என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். அது ஈயம் செய்த வேலை. குழந்தைகளுக்கு அந்தத் தூசி மூளையையே பாதிக்கும் என்று பின்னால் படித்தேன். கடைப் பின்கட்டில் விளையாடிய பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது.

மைக் செட்டைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தொழில்காரர்கள் கோபிப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, தேர்தல். பன்னிரண்டு வோல்ட் ஆம்ப்ளிஃபயரும் புனல் ஒலிபெருக்கியும் ஏறிய மாட்டுவண்டியில் பேட்டரி எங்களுடையதாக இருக்கும், வாடகைக்கு. சித்திரை, வைகாசியில் பெஞ்சு காலியாகவே இருக்காது. தேர்தல் என்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரே கோவையில் சார்ஜ் ஏற்றுவோம்.

என் மச்சான் கடலூர் முதுநகரில் விசைப்படகு டிரைவர். எங்கள் பேட்டரிப் பேச்சு பெரும்பாலும் கொழுந்தியாள் வீட்டு விசேஷங்களில் நடக்கும். அங்கே லேலண்ட் எஞ்சின் போட்ட படகுகள் உண்டு, இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கோத்து இருபத்துநான்கு. ஸ்டார்ட்டுக்கு ஒரு ஜோடி, விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் வேறொன்று என்று பிரித்து வைப்பவர்தான் கெட்டிக்காரர். ஒரே பேட்டரியில் ராத்திரி முழுக்க விளக்கெரித்துவிட்டு, கரை தெரியாத இடத்தில் எஞ்சின் எடுக்காவிட்டால் யார் தள்ளுவது? லாரியாவது மேட்டில் நிறுத்தலாம். கடல் தண்ணீர் செல்லுக்குள் போனால் குளோரின் கிளம்பும், எஞ்சின் அறைக்குள் மூச்சு நிற்கும். 2001-இலிருந்து வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை. சரியாகக் கத்திரி வெயில். எங்கள் டிராக்டர் கதையேதான்! "மைனஸ் ஒயரைக் கழட்டு, பேட்டரிய வீட்டுக்குத் தூக்கியாந்து தண்ணி ஊத்தி ஃபுல்லா ஏத்து, நடுவுல ஒருக்கா மறுபடி ஏத்து" என்று சொல்லி அனுப்பினேன். முதல் வருஷம் செய்யவில்லை. தடை முடிந்த அன்று துறைமுகத்தில் பாதிப் படகுக்காரர்கள் கடன் பேட்டரி தேடி அலைந்ததைப் பார்த்த பிறகு செய்கிறார்.

எங்கள் கடையைக் கவிழ்த்தது மூடி. எண்பதுகளில் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. மூடியும் பெட்டியும் சூட்டில் ஒட்டப்பட்டு ஒரே துண்டு. செல்லுக்குச் செல் இணைப்பு சுவருக்குள்ளேயே போய்விட்டது. தார் இல்லை, தோண்ட இடமில்லை. பிறகு தண்ணீர் ஊற்றும் மூடிகூட இல்லாத பேட்டரிகள். நல்ல சரக்கு, மறுக்கவில்லை. ஆசிட் சிந்தாது, ஈயப் புகை இல்லை. ஆனால் ஒரு செல் போனால் ஆறும் போச்சு. கார்பன் குச்சியும் தார்ச் சட்டியும் பரணில் ஏறின. 2001-இல் மத்திய அரசு பேட்டரி விதிகளைக் கொண்டுவந்தது. விற்பவர் பழையதைத் திரும்ப வாங்கிப் பதிவு பெற்ற உருக்காலைக்கு அனுப்ப வேண்டும் என்றன அவை. பின்கட்டில் ஈயம் உருக்கியவர்களுக்கு அதுவும் ஒரு முற்றுப்புள்ளி, நியாயமான முற்றுப்புள்ளி. நடுவில் 2012 வாக்கில் மணிக்கணக்காகக் கரண்ட் போன காலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு பெரிய சந்தை வந்தது. சிமெண்ட் ஊருக்குள் விளக்கெரிய மறுபடி பேட்டரி! அதில் நான்கைந்து வருஷம் ஓடியது. அது விற்பனை வேலை. கைவேலை அதில் ஒன்றும் இல்லை.

பெஞ்சு இன்னும் இருக்கிறது. பையன்தான் கடையைப் பார்க்கிறான். சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும் வகை. போன அறுவடைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மிஷின்காரர் ஒருவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்லவேளையாக மூடி திறக்கிற வகை. ராத்திரி முழுக்க ஏற்றிக் காலையில் ஆசிட் மீட்டரை விட்டேன். ஐந்து செல்லில் 1240, ஆறாவதில் 1120. அந்தக் காலமாக இருந்தால் ஒரு செல்லைத் தோண்டி எடுத்துப் பிளேட் மாற்றி, மத்தியானத்துக்குள் அனுப்பியிருப்பேன். இது ஒட்டிய பெட்டி. புதுசு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அறுப்பு முடியட்டும்ண்ணே, அதுவரைக்கும் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்றார்.

அறுவடை மிஷினைத் தள்ள ஆள் எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பழையதை எடை போடச் சொன்னார்.